எல் படிவத்தில் வரும் பிழைகள்: அறிகுறியைப் பார்த்துக் காரணம் கண்டுபிடிக்கும் வழிமுறை

காலை 7 மணிக்கு ஒரு சுகாதார ஆய்வாளர் கையில் குறித்துக்கொண்ட முகவரியோடு தெருமுனையில் நிற்கிறார். உடன் வந்த கொசு ஒழிப்புப் பணியாளர்கள் கொசுப்புழுவைக் கொல்லும் அபேட் மருந்தும் டார்ச் விளக்குமாகத் தயாராக இருக்கிறார்கள். டெங்கு உறுதியான 8 வயதுச் சிறுமியின் வீடு அந்த முகவரியில் இருக்க வேண்டும். அங்கே இருப்பதோ ரத்த மாதிரி சேகரிக்கும் மையம் ஒன்று. நோயாளியின் முகவரிக் கட்டம் காலியாக இருந்ததால் ஆய்வக மென்பொருள் சேகரிப்பு மையத்தின் முகவரியையே அதில் நிரப்பி அனுப்பியிருக்கிறது. சிறுமியின் உண்மையான முகவரியைக் கேட்டு வாங்குவதற்குள் இரண்டு நாள்கள் போய்விட்டன. அந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் இருந்த கொசுப்புழுக்கள் அந்த இரண்டு நாளும் வளர்ந்துகொண்டுதான் இருந்தன.

மாவட்டக் கண்காணிப்புப் பிரிவில் ஆய்வகப் பதிவுகளைச் சரிபார்ப்பவர்களுக்காகவும், அந்தப் பதிவுகளை அனுப்பும் ஆய்வக நுட்புநர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். 2004 நவம்பரில் தொடங்கிய ஒருங்கிணைந்த நோய்க் கண்காணிப்புத் திட்டத்தில் மூன்று படிவங்கள் உண்டு. அறிகுறியை மட்டும் வைத்துக் கிராம அளவில் பதிவது எஸ் படிவம். மருத்துவர் தம் பரிசோதனையில் சந்தேகிப்பதைப் பதிவது பி படிவம். ஆய்வகம் உறுதி செய்ததைப் பதிவது எல் படிவம். 2021 ஏப்ரல் 5 அன்று, இந்தப் பதிவுகளை ஏற்றும் இணையதளமான ஐ.எச்.ஐ.பி.யின் புதிய வடிவம் நாடு முழுவதற்குமாகத் தொடங்கப்பட்ட பிறகு, வாரத்துக்கு ஒரு முறை தொகுப்பு எண்ணாக வந்துகொண்டிருந்தவை ஒவ்வொரு நோயாளிக்கும் ஒரு பதிவாக வரத் தொடங்கின. கண்காணிக்கப்படும் நோய்களும் 18-லிருந்து 33 ஆயின. இது பெரிய முன்னேற்றம். ஆனால் முன்பு ஓர் எண் மட்டுமே தவறாக இருக்க முடியும். இப்போது பெயர், வயது, ஊர், தொலைபேசி, நான்கைந்து தேதிகள், பரிசோதனை முறை, முடிவு என்று ஒவ்வொரு வரியிலும் பத்து இடங்களில் தவறு நேரலாம்.

தொடங்குவதற்கு முன் இரண்டு விஷயங்களை உறுதி செய்துகொள்ள வேண்டும். முதலாவது, ஆய்வகத்திலிருந்து வந்த மூலக் கோப்பைத் தொடாமல் தனியே வைத்துவிட்டு அதன் நகலில் மட்டுமே வேலை செய்ய வேண்டும். இரண்டாவது, பிழை எங்கே பிறந்ததோ அங்கேயே அதைத் திருத்தவேண்டும். மாவட்ட அலுவலகத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு தேதியை நாமே மாற்றிவிட்டால், அன்றைய அறிக்கை சுத்தமாகத் தெரியும். ஆய்வகத்தின் பதிவேட்டில் தவறு அப்படியே இருக்கும், அடுத்த வாரம் அதே தவறு மறுபடி வரும், இரண்டு இடங்களிலும் இரண்டு விதமான உண்மைகள் உருவாகிவிடும். இந்தத் தவறை நானும் பல மாதங்கள் செய்திருக்கிறேன். அந்த மாதங்களில் ஓர் ஆய்வகமும் தன் பதிவு முறையைத் திருத்திக்கொள்ளவில்லை, ஏனென்றால் அவர்களிடம் தவறு இருப்பதையே நான் அவர்களுக்குத் தெரியவிடவில்லை.

அறிகுறி: வழக்கமாகப் பதிவு அனுப்பும் ஆய்வகத்திலிருந்து ஒன்றுமே வரவில்லை

ஒன்றும் வராமல் இருப்பதற்கு இரண்டு பொருள் உண்டு. பரிசோதனை நடந்து யாருக்கும் நோய் இல்லை என்பது ஒன்று; பதிவே அனுப்பப்படவில்லை என்பது மற்றொன்று. வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி பூஜ்யமாகத்தான் தெரியும் என்பதால், நோய் குறைந்துவிட்டது என்று மகிழ்வதற்கு முன் ஆய்வகத்தைத் தொலைபேசியில் அழைத்து "இந்த வாரம் எத்தனை மாதிரிகளைப் பரிசோதித்தீர்கள்?" என்று கேட்க வேண்டும். 60 மாதிரிகளைப் பரிசோதித்து ஒருவருக்கும் இல்லை என்றால் அது நல்ல செய்தி. அதை இன்மை அறிக்கையாகப் பதிவு செய்யச் சொல்ல வேண்டும். பரிசோதித்ததே பூஜ்யம் என்றால், ஏன் என்று கேட்க வேண்டும்.

கிடைக்கும் பதில்கள் பெரும்பாலும் எளியவையாகவே இருக்கும். தளத்தில் நுழையும் கடவுச்சொல் ஒரே ஒரு நுட்புநரிடம் இருந்து அவர் மகப்பேறு விடுப்பில் போயிருப்பார். பரிசோதனைக் கிட் தீர்ந்துபோயிருக்கும். அல்லது ஆய்வகம் அந்தப் பரிசோதனையைத் தானே செய்வதை நிறுத்திவிட்டு மாதிரிகளைச் சென்னையில் உள்ள பெரிய ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கியிருக்கும். கடைசியாகச் சொன்னதில் கவனம் தேவை. மாதிரியை எடுத்தவர் "நான் பரிசோதிக்கவில்லை" என்று பதிவு செய்ய மாட்டார், பரிசோதித்தவர் "நோயாளி எங்கள் மாவட்டத்தவர் அல்லர்" என்று விட்டுவிடுவார், நடுவில் அந்த நோயாளி யாருடைய கணக்கிலும் இல்லாமல் போவார். யார் பதிவது என்பதை இரண்டு ஆய்வகங்களிடமும் எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது.

கணினியிலிருந்து தானாக வரும் பதிவுகளில் இன்னொரு காரணமும் உண்டு. ஆய்வகம் தன் மென்பொருளில் பரிசோதனையின் பெயரை மாற்றியிருக்கும், "டெங்கு என்.எஸ்.1 ஆன்டிஜென்" என்று இருந்தது "ஃபீவர் பேனல்" என்ற தொகுப்புக்குள் போயிருக்கும்; பழைய பெயரைத் தேடிக்கொண்டிருக்கும் நிரல் எதையும் எடுக்காது. எந்த எச்சரிக்கையும் வராது என்பதுதான் இதில் ஆபத்து.

பதிவுகள் முழுவதும் வராமல் பாதி மட்டும் வந்தால் அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். இங்கிலாந்தில் 2020 செப்டம்பர் 25 முதல் அக்டோபர் 2 வரையிலான நாள்களில் கொரோனா உறுதியான 15,841 பேரின் பதிவுகள் அன்றாட எண்ணிக்கையில் சேராமல் போனது இப்படித்தான். ஆய்வகங்களிலிருந்து வந்த முடிவுகள் எக்செலின் பழைய கோப்பு வடிவத்தில் சேர்க்கப்பட்டன. அந்த வடிவம் 65,536 வரிகளுக்கு மேல் ஏற்காது. மீதி வரிகள் சத்தமில்லாமல் விழுந்துவிட்டன. பரிசோதித்துக்கொண்டவர்களுக்கு முடிவு போய்ச் சேர்ந்தது, ஆனால் அவர்களோடு பழகியவர்களைத் தேடும் பணி அத்தனை நாள்கள் தாமதமானது. நம் மாவட்டக் கோப்புகள் அவ்வளவு பெரியவை அல்ல என்றாலும், அதில் இருக்கும் பாடம் நமக்கும் பொருந்தும்: அனுப்பியவர் எத்தனை வரிகள் அனுப்பினார், நமக்கு எத்தனை வரிகள் வந்தன என்ற இரண்டு எண்களையும் ஒவ்வொரு முறையும் ஒப்பிட வேண்டும். கோப்போடு வரிகளின் எண்ணிக்கையையும் தனியாக எழுதி அனுப்பும்படி ஆய்வகங்களைக் கேட்டுக்கொண்டால் போதும்.

அறிகுறி: ஒரே நாளில் எண்ணிக்கை எகிறிவிட்டது

முதலில் எந்தத் தேதியை வைத்து வரைபடம் போட்டிருக்கிறோம் என்று பார்க்க வேண்டும். பதிவேற்றிய தேதியை வைத்துப் போட்டிருந்தால், மூன்று வாரங்களாகத் தேங்கியிருந்ததை ஒரு நுட்புநர் ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து மொத்தமாக ஏற்றியிருக்கலாம். அதே பதிவுகளைக் காய்ச்சல் தொடங்கிய தேதி வாரியாகவோ, மாதிரி எடுத்த தேதி வாரியாகவோ மறுபடி வரையவும். சிகரம் கரைந்து பல நாள்களில் பரவினால் அது தேங்கிய பதிவு. கரையாமல் நின்றால் அது உண்மையான பரவலாக இருக்க வாய்ப்பு அதிகம், உடனே வட்டார மருத்துவ அலுவலருக்குச் சொல்ல வேண்டும். சந்தேகம் தீரும்வரை காத்திருந்துவிட்டுச் சொல்லலாம் என்று நினைக்கக் கூடாது. "சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம்" என்ற குறிப்போடு முதல் தகவல் போகட்டும்.

புதிய ஆய்வகம் ஒன்று தளத்தில் இணைந்தாலும் எண்ணிக்கை உயரும். அப்போது பரிசோதிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கையும் சேர்ந்து உயர்ந்திருக்கும். நூறு பேரைப் பரிசோதித்தால் எத்தனை பேருக்கு உறுதியாகிறது என்ற விகிதம் பழையபடியே இருந்தால் நோய் பெருகவில்லை, நம் பார்வைதான் விரிந்திருக்கிறது. உறுதியானவர்களை மட்டும் அனுப்பிவிட்டுப் பரிசோதிக்கப்பட்டவர்களின் மொத்தத்தை அனுப்பாத ஆய்வகங்களின் எண்களை வைத்து இந்தக் கணக்கைப் போட முடியாது.

அறிகுறி: ஒரே நோயாளி இரண்டு மூன்று முறை வருகிறார்

நம் பெயர்களின் அமைப்பே இதற்கு முதல் காரணம். எஸ். முருகன் என்று மருத்துவமனையில் பதிவானவர் ஆய்வகத்தில் முருகன் எஸ். ஆகிறார், அடையாள அட்டையைப் பார்த்துப் பதிந்த இடத்தில் முருகன் செல்வம் ஆகிறார். தந்தையின் பெயரைக் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் ஒருவர் போடுகிறார், இன்னொருவர் அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளியை வைத்துவிட்டு நகர்கிறார். ஆங்கில எழுத்தில் பதியும்போது சிக்கல் கூடுகிறது. யாழினி என்ற பெயரின் ழகரத்தை ஒருவர் ஜெட்.எச். என்றும் மற்றொருவர் எல் என்றும் எழுதுவார். லட்சுமி என்ற பெயரை நான்கு விதமாக எழுதிப் பார்த்திருக்கிறேன். பிறந்த குழந்தைகளுக்குப் பெயரே இருக்காது. தாயின் பெயருக்கு முன் "பேபி ஆஃப்" என்று சேர்த்து எழுதுவார்கள், இரட்டைக் குழந்தைகளாக இருந்தால் இருவரும் ஒருவராகிவிடுவார்கள்.

இரண்டாவது காரணம் பரிசோதனைகள். ஒரே டெங்கு நோயாளிக்கு மூன்றாம் நாளில் என்.எஸ்.1 (வைரஸின் புரதத்தைத் தேடுவது), ஏழாம் நாளில் ஐ.ஜி.எம். (உடல் உருவாக்கும் எதிர்ப்புப் பொருளைத் தேடுவது) என்று இரண்டு பரிசோதனைகளும் உறுதியாகலாம். ஆய்வகத்துக்கு அவை இரண்டு முடிவுகள். நமக்கு அது ஒரே நோயாளி. மருத்துவமனை பி படிவத்தில் ஏற்கெனவே பதிந்த நோயாளியை ஆய்வகம் அந்தப் பதிவின் தொடர்ச்சியாகக் காட்டாமல் புதிதாகப் பதிந்தாலும் இரட்டிப்பு நேரும்.

கண்டுபிடிக்கும் முறை இது. பெயரிலிருந்து தலைப்பெழுத்தையும் புள்ளிகளையும் நீக்கிவிட்டு, பெயர், பாலினம், ஓரிரு ஆண்டு வித்தியாசத்துக்குள் வயது, ஊர், தொலைபேசி ஆகியவற்றை ஒப்பிட வேண்டும். இவற்றில் குறைந்தது மூன்று ஒத்துப்போகும் இணைகளைத் தனியே எடுத்துக் கண்ணால் பார்க்க வேண்டும். கணினியே தானாக நீக்கிவிடும்படி ஒருபோதும் விடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. காரணம் இருக்கிறது. ஒரு வீட்டில் ஒரே கைபேசிதான் இருக்கும். அண்ணன், தங்கை இருவருக்கும் ஒரே எண், ஒரே முகவரி, ஒரே தலைப்பெழுத்து. தொலைபேசி எண்ணை மட்டும் வைத்து இரட்டிப்பை நீக்கினால், ஒரே வீட்டில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல் என்ற, நாம் தேடிக்கொண்டிருக்கும் செய்தியையே நம் கையால் அழித்துவிடுவோம். இரட்டிப்பு ஒன்றை விட்டுவைப்பதால் வரும் கேட்டைவிட, உண்மையான நோயாளி ஒருவரை அழிப்பதால் வரும் கேடு பெரிது.

ஒரே தொலைபேசி எண் ஒரு வீட்டில் நான்கு பேருக்கு வரலாம். நாற்பது பேருக்கு வந்தால் அது ஆய்வகத்தின் எண். தொலைபேசி நெடுவரிசையை அடிக்கடி வரும் எண் முதலில் வரும்படி அடுக்கிப் பார்த்தால் இது ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

அறிகுறி: கொடுத்த முகவரியில் நோயாளி இல்லை

முகப்பில் சொன்ன நிகழ்ச்சி இந்த வகையைச் சேர்ந்தது. முகவரி நெடுவரிசையையும் தொலைபேசியைப் போலவே அடுக்கிப் பார்த்தால் சேகரிப்பு மையத்தின் முகவரி மேலே வந்து நிற்கும். கொரோனா முதல் அலையின்போது சென்னையில் முகவரியும் எண்ணும் தவறாகப் பதிவானதால் உறுதியான நோயாளிகள் சிலரைத் தேடிப் பிடிக்க முடியாமல் போனதைப் பலரும் நினைவில் வைத்திருப்பீர்கள். அப்போது நிறுவிய கட்டுப்பாடுகள் மற்ற நோய்களுக்கும் அப்படியே தொடர்ந்திருக்க வேண்டும்.

ஊர்ப் பெயரால் வரும் குழப்பம் இன்னும் நுட்பமானது. திருப்பத்தூர் என்று மட்டும் எழுதியிருந்தால் அது வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டமா, சிவகங்கை மாவட்டத்துத் திருப்பத்தூரா என்பது தெரியாது. இரண்டுக்கும் இடையே ஏறக்குறைய மாநிலத்தின் பாதி தூரம் இருக்கிறது. வாலாஜாபேட்டையும் வாலாஜாபாத்தும் ஒன்றுக்கொன்று மாறி வருவதும் உண்டு. 2019-லும் 2020-லும் தென்காசி, கள்ளக்குறிச்சி, திருப்பத்தூர், ராணிப்பேட்டை, செங்கல்பட்டு, மயிலாடுதுறை என ஆறு மாவட்டங்கள் புதிதாக உருவாயின. தன் மென்பொருளின் மாவட்டப் பட்டியலைப் புதுப்பிக்காத ஆய்வகத்திலிருந்து வரும் தென்காசி நோயாளி இன்னமும் திருநெல்வேலிக் கணக்கில்தான் சேருவார். இது போதாதென்று, சுகாதாரத் துறையின் சுகாதார மாவட்டங்களின் எல்லை வருவாய் மாவட்டங்களின் எல்லையோடு எல்லா இடங்களிலும் ஒத்துப்போவதில்லை. நோயாளி தன் மாவட்டத்தைச் சரியாகச் சொன்னாலும், எந்தச் சுகாதார மாவட்டத்துக்கு அந்தப் பதிவு போக வேண்டும் என்பதை வட்டாரத்தின் பெயரைக் கொண்டுதான் முடிவு செய்ய முடியும்.

ஆகவே மாவட்டம் என்ற கட்டத்தை மட்டும் நம்பாமல், கிராமம், வட்டாரம், அஞ்சல் குறியீட்டு எண் மூன்றையும் கேட்டு வாங்கவும். தமிழ்நாட்டின் அஞ்சல் எண்கள் 60 முதல் 64 வரையிலான இலக்கங்களில் தொடங்கும். 67 முதல் 69 வரை தொடங்கினால் அது கேரளம். ஆனால் 605 என்று தொடங்குவது புதுச்சேரியாகவும் இருக்கலாம், விழுப்புரம் மாவட்டமாகவும் இருக்கலாம் என்பதால் எண்ணை மட்டும் வைத்து அந்தப் பகுதியை முடிவு செய்யக் கூடாது. புதுச்சேரி ஜிப்மருக்கு விழுப்புரம், கடலூர் நோயாளிகளும், வேலூர் சி.எம்.சி.க்கு ஆந்திரம் முதல் வடகிழக்கு மாநிலங்கள் வரையிலான நோயாளிகளும் வருகிறார்கள். மருத்துவமனை இருக்கும் ஊரை நோயாளியின் ஊராக எடுத்துக்கொண்டால் வேலூரில் இல்லாத நோய் வேலூரில் பரவுவதாகத் தெரியும்.

விடுதி மாணவர்களிடமும் பிற மாநிலத் தொழிலாளர்களிடமும் அடையாள அட்டையில் உள்ள முகவரியை எழுதிக்கொள்ளாமல், "கடந்த இரண்டு வாரங்களாக எங்கே தூங்கினீர்கள்?" என்று கேட்டு அந்த இடத்தை எழுத வேண்டும். கொசு கடித்தது அங்கேதான். நோயாளியை நேரில் பார்ப்பது மாதிரி எடுப்பவர் மட்டுமே. அந்தக் கேள்வியை அவர் ஒருவரால்தான் கேட்க முடியும்; பரிசோதனைச் சீட்டில் அதற்கென ஒரு கட்டம் இருந்தால் கேட்பார், இல்லாவிட்டால் கேட்க மாட்டார்.

அறிகுறி: தேதிகள் முன்னுக்குப் பின் முரணாக இருக்கின்றன

ஒவ்வொரு பதிவிலும் காய்ச்சல் தொடங்கிய தேதி, மாதிரி எடுத்த தேதி, மாதிரி ஆய்வகத்துக்கு வந்த தேதி, முடிவு வந்த தேதி, தளத்தில் ஏற்றிய தேதி ஆகியவை இதே வரிசையில் முன்பின்னாக இருக்க வேண்டும். முடிவு வந்த பிறகு மாதிரி எடுத்ததாகக் காட்டும் வரி எதுவானாலும் பிழைதான். ஆனால் ஒரு வரியில் பிழை இருந்தால் அது கைத்தவறு, ஒரு ஆய்வகத்தின் வரிகளில் மூன்றில் ஒரு பங்கு பிழையாக இருந்தால் அது கணினியின் வேலை.

அத்தகைய கோப்பு ஒன்றைத் திறந்து பார்ப்போம். தேதி நெடுவரிசையில் சில தேதிகள் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியும், சில இடப்பக்கம் ஒட்டியும் நிற்கின்றன. இடப்பக்கம் நிற்பவற்றைப் படித்தால் 13/08/2024, 21/08/2024, 30/08/2024 என்று எல்லாமே 12-ஐத் தாண்டிய நாள்கள். வலப்பக்கம் நிற்பவற்றில் ஆகஸ்ட் 7 இல்லை. ஜூலை 8 இருக்கிறது, மார்ச் 8 இருக்கிறது, டிசம்பர் 8 இருக்கிறது. அந்தக் கணினி அமெரிக்க வழக்கப்படி மாதத்தை முதலில் படிக்கும்படி அமைக்கப்பட்டிருக்கிறது. 07/08 என்று எழுதியதை அது ஜூலை 8 என்று எடுத்துக்கொண்டது. 13-ஆவது மாதம் இல்லாததால் 13/08 என்பதைத் தேதியாகவே ஏற்காமல் எழுத்தாக விட்டுவிட்டது. இதில் ஆபத்தானவை இடப்பக்கம் நிற்பவை அல்ல, அவை பார்த்தவுடன் தெரிந்துவிடும். நல்ல தேதியைப் போல வலப்பக்கம் நிற்கும் தவறான தேதிகள்தாம் அறிக்கைக்குள் போய்விடும். மாவட்ட அலுவலகத்தில் நாளையும் மாதத்தையும் மாற்றிப் போட்டுச் சரிசெய்ய முயன்றால் சரியாக இருந்த சிலவும் கெடும். கோப்பைத் திருப்பி அனுப்பி, கணினியின் வட்டார அமைப்பை இந்தியாவுக்கு மாற்றச் சொல்லி, 2024-08-07 என்று ஆண்டை முதலில் வைத்தோ மாதத்தை எழுத்தில் எழுதியோ மறுபடி வாங்குவதே முறை.

எக்செல் தேதிகளை மட்டும் கெடுப்பதில்லை. ரத்தத்தை எத்தனை மடங்கு நீர்த்த பிறகும் எதிர்ப்புப் பொருள் தெரிகிறது என்று காட்டும் 1:20, 1:40 போன்ற டைட்டர் மதிப்புகளை அது மணி, நிமிடமாக எடுத்துக்கொள்ளும்; 5-12 என்ற மாதிரி எண்ணைத் தேதியாக்கும்; எண்ணின் முன்னால் இருக்கும் பூஜ்யங்களை விழுங்கும். இந்த நெடுவரிசைகளை எழுத்து வடிவத்துக்கு மாற்றிய பின்னரே உள்ளே தட்ட வேண்டும். தட்டிய பிறகு மாற்றினால் போனது திரும்பாது.

காய்ச்சல் தொடங்கிய தேதியும் மாதிரி எடுத்த தேதியும் எல்லா வரிகளிலும் ஒன்றாகவே இருந்தால், அது நிரப்புவதற்காக நிரப்பியது. இதைப் பிடிக்க உடலின் இயல்பே நமக்கு உதவும். டெங்குவில் என்.எஸ்.1 முதல் ஐந்து நாள்களில் நன்றாகத் தெரியும், ஐ.ஜி.எம். ஏறத்தாழ ஐந்தாம் நாளுக்குப் பிறகே தெரியத் தொடங்கும். காய்ச்சல் தொடங்கிய அன்றே எடுத்த மாதிரியில் ஐ.ஜி.எம். உறுதி என்று ஒரு பதிவு சொன்னால், தேதி தவறாக இருக்க வேண்டும், அல்லது அந்த ஐ.ஜி.எம். முந்தைய தொற்றின் எச்சமாக இருக்க வேண்டும். இரண்டில் எதுவானாலும் அந்த வரியை அப்படியே கடந்து போகக் கூடாது.

அறிகுறி: வயது நம்ப முடியாததாக இருக்கிறது

8 மாதக் குழந்தை 8 வயதாகப் பதிவாவதுதான் இதில் அடிக்கடி வருவது. வயதுக்கு அருகில் ஆண்டு, மாதம், நாள் என்ற அலகைத் தனிக் கட்டத்தில் கேட்க வேண்டும். வயது 0 என்று வந்தால் அது கைக்குழந்தையா, வயதே கேட்கப்படவில்லையா என்பதை விசாரிக்கவும்.

அறிகுறி: உறுதியானவர்களின் பட்டியலை மருத்துவர்கள் ஏற்க மறுக்கிறார்கள்

மருத்துவர்களின் மறுப்பில் பெரும்பாலும் நியாயம் இருக்கும். பரிசோதனையின் பெயர் இருக்கிறது, முறை இல்லை என்பதே இங்கு நோய். "டெங்கு பாசிட்டிவ்" என்று மட்டும் வந்தால் அது சில நிமிடங்களில் முடிவு காட்டும் கார்டு டெஸ்டா, ஆய்வகத்தில் தட்டில் வைத்துச் செய்யும் எலைசாவா என்று தெரியாது. தேசிய வழிகாட்டுதலின்படி எலைசா முறையில் செய்த பரிசோதனையே உறுதியானதாக எண்ணப்படும். கார்டு டெஸ்டில் வந்தது சந்தேகத்துக்குரியது என்ற வகையில்தான் சேரும். கொசு ஒழிப்புக்கு இரண்டுமே பயன்படும், ஆகவே கார்டு முடிவுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அவற்றை உரிய வகையில் வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். டைபாய்டில் இந்தச் சிக்கல் இன்னும் பெரிது. ரத்தத்தில் எதிர்ப்புப் பொருளைத் தேடும் விடால் பரிசோதனை ஒன்றை மட்டும் வைத்து டைபாய்டு என்று பதிவது நம்மூரில் பரவலான பழக்கம். ஆனால் முன்பு எப்போதோ வந்த தொற்றாலும் தடுப்பூசியாலும் விடால் உயர்ந்து காட்டும். டைபாய்டை உறுதி செய்வது, ரத்தத்திலிருந்து கிருமியை வளர்த்துப் பார்க்கும் ரத்தக் கல்ச்சர். விடால் எண்களை எல் படிவத்தில் கொட்டும் ஆய்வகம் இருக்கும் வட்டாரத்தில் ஆண்டு முழுவதும் டைபாய்டு பரவுவதாகத் தெரியும். உண்மையாகவே குடிநீர்க் குழாயில் சாக்கடை கலந்து டைபாய்டு பரவும் வாரத்தில் அந்தக் கூச்சலுக்கு நடுவே அது கேட்காது.

முடிவைத் தாமாக எழுதும் கட்டத்திலும் ஒரு பொறி உண்டு. ஆங்கிலத்தில் "டிடெக்டட்" என்ற சொல் இருந்தால் உறுதி என்று எடுத்துக்கொள்ளும்படி ஒரு நிரல் எழுதப்பட்டிருந்தால், "நாட் டிடெக்டட்" என்ற முடிவும் அதில் சிக்கும். "நான்-ரியாக்டிவ்" என்பதும் அப்படியே. நோய் இல்லாதவர் வீட்டுக்குச் சுகாதார ஆய்வாளர் போய் நிற்கும்போது அந்தக் குடும்பத்துக்கு ஏற்படும் கலக்கத்தை நேரில் பார்த்தவர்களுக்கு, இது எவ்வளவு பெரிய தவறு என்று விளக்க வேண்டியதில்லை. புதிய ஆய்வகம் இணையும்போதெல்லாம் அது பயன்படுத்தும் முடிவுச் சொற்கள் அனைத்தையும் ஒரு தாளில் எழுதி வாங்கி, ஒவ்வொன்றும் உறுதி, இல்லை, தெளிவில்லை என்ற மூன்றில் எதில் சேரும் என்று நுண்ணுயிரியல் மருத்துவரிடம் குறித்து வாங்கிக்கொள்ளவும்.

அறிகுறி: எல்லாம் சரியாக இருக்கிறது, ஆனால் தாமதமாக வருகிறது

தாமதத்தை ஒரே எண்ணாகப் பார்க்கக் கூடாது. மேலே சொன்ன ஐந்து தேதிகளுக்கு இடையிலான நான்கு இடைவெளிகளாகப் பிரிக்க வேண்டும். காய்ச்சலுக்கும் மாதிரிக்கும் இடையே நீண்டால் மக்கள் மருத்துவமனைக்குத் தாமதமாக வருகிறார்கள். மாதிரிக்கும் ஆய்வக வரவுக்கும் இடையே நீண்டால் வண்டி வசதியில் குறை. முடிவுக்கும் பதிவேற்றத்துக்கும் இடையே நீண்டால் தட்டச்சு செய்ய ஆள் இல்லை.

ஆய்வக வரவுக்கும் முடிவுக்கும் இடையே நீண்டால் எலைசாத் தட்டைப் பார்க்க வேண்டும். அந்தத் தட்டில் 96 குழிகள் இருக்கின்றன. ஒவ்வொரு முறை ஓட்டும்போதும் ஒப்பீட்டு மாதிரிகளுக்கு என்று சில குழிகள் செலவாகும் என்பதால், ஐந்தாறு மாதிரிகளுக்காக ஓட்டினால் கிட் வீணாகும். ஆகவே சிறிய ஆய்வகத்தில் மாதிரிகள் சேரும்வரை காத்திருப்பார்கள். திங்களன்று எடுத்த ரத்தம் வெள்ளிக்கிழமைதான் ஓடும். நுட்புநரைக் குறை சொல்வதற்கு இதில் எதுவுமில்லை. கையில் இருக்கும் கிட்டைச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். ஆனால் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாள்கள் போதும்; வெள்ளிக்கிழமை முடிவு வந்து திங்களன்று பணியாளர்கள் போவதற்குள் ஒரு தலைமுறைக் கொசு வெளியே வந்துவிடும். பக்கத்து வட்டாரங்களின் மாதிரிகளையும் ஒரே ஆய்வகத்துக்கு அனுப்பி வாரத்தில் மூன்று நாள்களாவது தட்டை ஓட்டச் செய்வதும், கிட் வழங்கலை மழைக்காலத்துக்கு முன்பே கூட்டிக் கேட்பதும் மாவட்ட சுகாதார அலுவலர் அளவில் எடுக்க வேண்டிய முடிவுகள். இடைவெளிகளைப் பிரித்துக் காட்டும் ஒரு பக்க அட்டவணை அவருக்குப் போனால் அந்த முடிவு எளிதாகும்.

அறிகுறி: நம் எண்ணும் வேறு அலுவலகத்தின் எண்ணும் ஒத்துப்போகவில்லை

காசநோய் நிக்‌ஷய் என்ற தனித் தளத்திலும், மலேரியா, பூச்சிகளால் பரவும் நோய்களுக்கான பிரிவிலும் தனித்தனியே எண்ணப்படுகின்றன. ஒருவர் நோயாளியின் ஊரை வைத்தும் மற்றவர் மருத்துவமனை இருக்கும் ஊரை வைத்தும் எண்ணினாலோ, ஒருவர் காய்ச்சல் தேதியாலும் மற்றவர் முடிவுத் தேதியாலும் வாரத்தைக் கணக்கிட்டாலோ எண்கள் ஒருபோதும் ஒத்துப்போகா. எந்த வரையறையில் எண்ணினோம் என்பதை அட்டவணைக்குக் கீழேயே ஒரு வரியில் எழுதிவிட்டால் பாதிச் சண்டைகள் தீரும்.

திருப்பி அனுப்புவது எப்படி

பிழையுள்ள வரிகளை மட்டும் எடுத்து, மாதிரி எண்ணோடும் என்ன பிழை என்ற குறிப்போடும் ஆய்வகத்துக்கு அன்றே அனுப்ப வேண்டும். நோயாளிகளின் பெயரும் நோயும் அடங்கிய பட்டியலை வாட்ஸ்ஆப் குழுவில் போடக் கூடாது. மாதிரி எண் போதும். மின்னஞ்சல் அனுப்பியதோடு விடாமல் நுட்புநரை ஒரு முறை அழைத்துப் பேசுவது பலன் தரும். "உங்கள் பதிவில் தவறு" என்று தொடங்காமல், "உங்கள் 214-ஆவது மாதிரியின் முகவரிக்கு எங்கள் ஆய்வாளர் போனார், அங்கே உங்கள் சேகரிப்பு மையம்தான் இருந்தது, அந்தக் குழந்தையின் வீடு எங்கே என்று பார்த்துச் சொல்கிறீர்களா?" என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் வரும். தாம் தட்டும் வரி ஒரு வீட்டு வாசல்வரை போகிறது என்பது பல நுட்புநர்களுக்கு யாரும் சொல்லித் தெரிந்ததில்லை. தெரிந்த பிறகு அவர்களே எங்களை அழைத்துச் சந்தேகம் கேட்டிருக்கிறார்கள்.

ஒரு நோட்டில் நாள், ஆய்வகம், பிழையின் வகை, திருப்பி அனுப்பிய நேரம், திருத்தம் வந்த நேரம் ஆகிய ஐந்தையும் குறித்து வரவும். அடுத்த திங்கட்கிழமை அதே ஆய்வகத்தின் புதிய கோப்பு வந்ததும், மற்ற எதையும் பார்ப்பதற்கு முன் அந்த நோட்டில் கடைசியாகக் குறித்த பிழை மறுபடி வந்திருக்கிறதா என்று முதல் 20 வரிகளில் பார்க்கவும். வந்திருந்தால் அந்த வரிகள் வட்டாரத்துக்குப் போவதற்குள் ஆய்வகத்தை அழைக்கவும்.